96 வயசும் ஒரு சாமணமும்

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது தலைகாட்டும். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கும் படம். கீழே கொட்டை எழுத்தில், '96 வயதில் கண்டுபிடித்தார், நோபல் பரிசு வாங்கினார், வயது வெறும் எண்தான்' என்று வாசகம். அதற்கு அடியில் வரிசையாகக் கும்பிடு, பூங்கொத்து, கைதட்டல். போன வாரமும் வந்தது. நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் படித்து வைத்திருப்பதால் சும்மா இருக்க முடியவில்லை. குழுவில் எழுதினால் சண்டை வரும். இங்கே எழுதினால் நீங்கள் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

அவர் பெயர் ஆர்தர் ஆஷ்கின். 1922 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். 2018 அக்டோபர் 2-ஆம் தேதி இயற்பியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு என்று அறிவித்தார்கள். மறுபாதியை பிரான்சின் ழெரார் மூருவும் கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லண்டும் பங்கிட்டுக்கொண்டார்கள். அதுவரை நோபல் வாங்கியவர்களிலேயே வயதில் மூத்தவர் ஆஷ்கின்தான். அடுத்த வருஷமே லித்தியம் பேட்டரிக்காக ஜான் குட்இனஃப் 97 வயதில் பரிசு வாங்கி அந்தக் கணக்கை மாற்றிவிட்டார். எங்கள் குழுவுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

96 வயதில் வாங்கினார் என்பது சரி. 96 வயதில் கண்டுபிடித்தார் என்பது தப்பு. முதல் கட்டுரை வெளிவந்தது 1970-ல், அப்போது அவருக்கு 47 வயது. அந்த வேலை முழு உருவம் பெற்றது 1986-ல், அப்போது 63. பரிசு வந்தது அதற்கும் 32 வருஷம் கழித்து. நம் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால் இது அரியர்ஸ். சர்வீஸில் இருந்தபோது செய்த வேலைக்கு, கோர்ட்டு கேஸெல்லாம் முடிந்து, 80 வயசில் ஒருவருக்கு அரியர்ஸ் கைக்கு வருகிறது என்று வையுங்கள். 'ஆஹா, 80 வயசிலும் சம்பாதிக்கிறார் பார்' என்று யாராவது கைதட்டுவோமா? 'இவ்வளவு நாள் ஏன் இழுத்தார்கள்?' என்றுதானே கேட்போம்?

அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். அதற்கு முன்னால் மனிதர் அப்படி என்ன செய்தார் என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் கும்பிடு போடுவதிலும் அர்த்தமில்லை, கோபப்படுவதிலும் அர்த்தமில்லை.

நகைப் பட்டறையில் ஆசாரி கையில் ஒரு சாமணம் இருக்கும். கையால் எடுக்க முடியாத சின்னக் கல்லை அதன் நுனியால் பிடித்து, வேண்டிய குழியில் கச்சிதமாக வைப்பார். ஆஷ்கின் செய்தது அப்படி ஒரு சாமணம். ஆனால் இரும்பில் அல்ல, வெளிச்சத்தில். 'ஒளியிடுக்கி' என்றும் சொல்லலாம். எனக்கு 'ஒளிச் சாமணம்' என்று சொல்லத்தான் பிடித்திருக்கிறது. தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு துகளை, எதுவும் தொடாமல், ஒரு லேசர் கதிரின் குவியத்தில் பிடித்து நிறுத்தலாம். கதிரை நகர்த்தினால் துகளும் கூடவே வரும்.

வெளிச்சம் ஒரு பொருளைத் தள்ளும் என்பது பழைய சந்தேகம். வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நீண்டிருப்பதைப் பார்த்து, சூரிய ஒளிதான் அதைத் தள்ளுகிறதோ என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே கெப்ளர் யோசித்தார். 1873-ல் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டு, ஆமாம், ஒளிக்கு அழுத்தம் உண்டு என்றார். 1900-ஐ ஒட்டி ரஷ்யாவில் லெபெதேவும் அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் என்ற இருவரும் அதை அளந்தே காட்டினார்கள். அளந்து என்ன? அது கேலிக்கூத்தான அளவு. உச்சி வெயில் ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியைத் தள்ளும் மொத்த விசையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிரண்டு அரிசியின் எடைதான் வருகிறது. நாம் வடாம் காய வைக்கும்போது வெயில் வடாத்தை அழுத்துகிறது என்று யாரும் கவலைப்படாததற்கு நியாயம் இருக்கிறது.

1960-ல் லேசர் வந்ததும் நிலைமை மாறியது. லேசரின் மொத்தச் சக்தி பெரிதில்லை. ஆனால் அத்தனையையும் ஊசிமுனையைவிடச் சின்ன இடத்தில் குவிக்கலாம். ஆஷ்கின் ஒரு துண்டுக் காகிதக் கணக்குப் போட்டார். 1 வாட் லேசரை, ஒளியின் அலைநீளம் அளவே உள்ள ஒரு நுண்துகள் மேல் குவித்தால், அதற்குக் கிடைக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு! விசை அற்பம்தான். தள்ளப்படுகிற ஆசாமி அதைவிட அற்பம். எறும்பின் மூச்சுக் காற்றில் மகரந்தம் பறப்பது மாதிரி.

பச்சை நிற ஆர்கான் லேசரை வைத்து, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய லேடெக்ஸ் உருண்டைகள் மேல் அடித்துப் பார்த்தார். எதிர்பார்த்தபடி உருண்டைகள் கதிரின் திசையில் ஓடின. கூடவே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கதிரின் ஓரத்தில் இருந்த உருண்டைகள் பக்கவாட்டில் நகர்ந்து, கதிரின் நடுமையத்துக்குத் தாமாகவே வந்து சேர்ந்தன. தள்ளுகிற ஒளி எப்படி உள்ளே இழுக்கும்?

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் வளைந்து கிடக்கும்போது திடீரென்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டால், அது பாம்பு மாதிரி உதறிக்கொண்டு நிமிரப் பார்க்கும். ஓடுகிற தண்ணீரின் திசையைக் குழாய் திருப்புகிறது, பதிலுக்குத் தண்ணீர் குழாயை உதைக்கிறது. ஒளிக்கும் அதே நியாயம். லேடெக்ஸ் உருண்டை ஒரு குட்டிப் பூதக்கண்ணாடி. தன் வலப்பக்கமாக நுழையும் கதிரை இடப்பக்கம் திருப்பும், இடப்பக்கமாக நுழைவதை வலப்பக்கம் திருப்பும். இடப்பக்கம் திருப்பப்பட்ட ஒளி உருண்டையை வலப்பக்கம் உதைக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் என்றால் உதைகள் சரிக்குச் சரி. ஆனால் உருண்டை கதிரின் மையத்துக்குச் சற்று இடப்பக்கம் இருந்தால், அதன் வலப்பாதியில்தான் வெளிச்சம் அதிகம். எனவே வலப்பக்க உதைதான் ஜெயிக்கும். உருண்டை மையத்துக்கு வந்து சேரும். வெளிச்சம் அதிகம் உள்ள இடமே அதற்கு வீடு.

அப்புறம் இரண்டு லேசர்களை எதிரெதிராக வைத்தார். இதன் தள்ளுதலை அது சரிக்கட்ட, உருண்டை நடுவில் மாட்டிக்கொண்டது. வெறும் வெளிச்சத்தால் ஒரு பொறி.

இதைக் கட்டுரையாக எழுதினார். வெளியே அனுப்பும் முன் அவருடைய நிறுவனத்துக்குள்ளேயே சிலர் படித்துப் பார்ப்பது வழக்கம். அவர்கள் சொன்ன தீர்ப்பை ஆஷ்கினே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். இதில் புது இயற்பியல் ஒன்றும் இல்லை. தப்பும் இல்லை. எங்காவது பிரசுரமாகலாம். ஆனால் முதல்தரப் பத்திரிகைக்குப் போதாது. அலுவலகத்தில் காலம் தள்ளிய நமக்கு இந்த நடை பரிச்சயமானதுதானே? 'பரிசீலித்ததில் ஆட்சேபணை இல்லை, ஆயினும்...' என்று ஒரு குறிப்பு. அப்போது அவருடைய மேலதிகாரி ருடால்ஃப் காம்ப்னர் கோபப்பட்டு, அதெல்லாம் கிடக்கட்டும், பேசாமல் அனுப்பு என்றாராம். (இந்தக் காம்ப்னர் படித்தது கட்டடக் கலை! பிற்பாடு மைக்ரோவேவ் கருவிகளில் பெயர் வாங்கியவர். கட்டடம் கட்டப் படித்தவருக்குத்தான் எதன்மேல் எது நிற்கும் என்று தெரிந்தது போலும்.) கட்டுரை முதல்தரப் பத்திரிகையிலேயே வந்தது.

நோபல் பரிசில் பங்கு யாருக்கு என்று என்னைக் கேட்டால், காம்ப்னருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பேன். சாதனை செய்பவனுக்குச் சமமாக, அவன் காகிதத்தை மேஜையில் தூங்கவிடாமல் அனுப்பி வைக்கும் மேலதிகாரியும் முக்கியம். என் 36 வருஷ சர்வீஸில் அப்படிப்பட்ட மேலதிகாரிகள் இருவரைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களைப் பற்றி எழுத இந்தப் பதிவு போதாது.

1971-ல் ஒரு சின்னக் கண்ணாடி உருண்டையைக் கீழிருந்து மேலாக வரும் லேசரால் காற்றில் அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். பெருமாள் கோயில் வாண வேடிக்கை மாதிரி பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் அவர் மனசெல்லாம் அணுவையே பிடிப்பதில் இருந்தது. 1978-ல் அணுக்கற்றையை ஒளியால் குவிப்பது வரைக்கும் வந்தார்கள். அதன் பிறகு நிர்வாகம் அந்த வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டது. 1983 வாக்கில் ஸ்டீவன் சூ என்ற இளைஞர் அதே ஆய்வகத்தின் ஹோம்டெல் கிளைக்கு ஒரு துறைத் தலைவராக வந்தார். நிறுத்தப்பட்ட அந்தக் கனவை ஆஷ்கின் அவர் காதில் போட்டார். அங்கிருந்து வண்டி மறுபடி கிளம்பியது. லேசரால் அணுக்களைக் குளிரச் செய்தார்கள், பிறகு பிடித்தார்கள்.

1986-ல் ஆஷ்கின், ஜீட்சிக், பியோர்க்ஹோம், சூ நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் இன்றைய சாமணம். இரண்டு லேசர் வேண்டாம், ஒன்றே போதும் என்றார்கள். நுண்ணோக்கியின் லென்ஸ் வழியாகக் கதிரை மிகக் கூர்மையாகக் குவித்தால், முன்னே தள்ளும் விசையையும் மீறித் துகளைக் குவியத்துக்குப் பின்னிழுக்க முடியும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவிலிருந்து, அதைவிட 400 மடங்கு சிறிய 25 நானோமீட்டர் வரைக்கும் பிடித்துக் காட்டினார்கள். கூடவே பல வருஷம் உழைத்த ஜீட்சிக் பெயரை நம் வாட்ஸ்அப் செய்தி சொல்வதே இல்லை.

அடுத்து நடந்தது நல்ல தமாஷ். புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸைத் தண்ணீரில் கலந்து பொறியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரைசலை ஓரிரு நாள் அப்படியே வைத்திருந்ததில், பொறிக்குள் ஏதோ புது ஆசாமிகள் வந்து மாட்டினார்கள். தானாக நீந்துகிறார்கள்! பார்த்தால் பாக்டீரியா. நம் வீட்டில் மாவு புளிப்பது போல அங்கே கரைசல் கெட்டிருக்கிறது. பச்சை லேசரில் அவை சீக்கிரம் செத்துப்போயின. ஒளி தாக்கிச் சாவு என்று ஒரு புதுச் சொல்லே செய்து ஆஷ்கின் கிண்டலடித்தார். பிறகு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசருக்கு மாறியதும், பொறிக்குள்ளேயே அவை உயிரோடு இருந்து இனப்பெருக்கமும் செய்தன. 1987-ல் இது வெளிவந்தது. உயிரியல்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அகச்சிவப்பு லேசர் எனக்குப் பழைய சிநேகிதம். தொலைத்தொடர்பில் கண்ணாடி இழைக் கேபிள் வந்தபோது, இழையின் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அதில் ஓடும் 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் ஆபத்து. நாங்கள் அந்த ஒளியில் ஏற்றியதெல்லாம் கல்யாணச் செய்தியும் கடன்கார வசவும்தான். அதே குடும்பத்து ஒளி இன்னொரு பக்கம் பாக்டீரியாவைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டிருந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

சரி, இதனால் என்ன லாபம்? பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "முழங்கால் வலிக்கு ஆகுமா சார்?" என்றார். ஆகாது. நாம் சர்க்கரை பார்க்கப் போகும் லேபில் இந்தச் சாமணம் இருக்காது. புற்றுநோயை இது விரட்டிவிடும் என்று இன்னொரு செய்தி சுற்றுகிறது, அதையும் நம்ப வேண்டாம்.

ஆனால் இது காட்டிக்கொடுத்த ஒன்றைக் கேளுங்கள். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுமைகூலிகள் இருக்கிறார்கள். கைனசின் என்று ஒரு புரதம். இரண்டு கால் மாதிரி ஒரு அமைப்பு. செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்களின் மேல், முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்கும். முதுகுத்தண்டிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் நம் நரம்புச் செல்லின் வால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். மேலே தயாராகும் சரக்கு கீழே போய்ச் சேர வேண்டும். ரத்தம் கொண்டுபோகாது, இந்தக் கூலிகள்தான் சுமக்க வேண்டும். 1993-ல் ஸ்டீவன் பிளாக்கின் குழு, ஒரு நுண் உருண்டையைக் கைனசின் முதுகில் கட்டி, உருண்டையை ஒளிச் சாமணத்தால் பிடித்துக்கொண்டு, அது நடப்பதை அளந்தது. வழுக்கிக்கொண்டு போகவில்லை. அடி எடுத்து வைக்கிறது. ஓர் அடி 8 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே நடந்து கடக்கப் பத்தாயிரம் அடி! ஒரு மீட்டருக்கு 12 கோடியே 50 லட்சம் அடி. காலை நடையில் நாலாயிரம் அடி ஆனதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமைப்படும் நான், இதைப் படித்த அன்று கொஞ்சம் அடக்கமாகத் திரும்பினேன்.

சாமணத்தைக் கொஞ்சம் இறுக்கினால் கூலி தடுமாறும். இன்னும் இறுக்கினால் நின்றுவிடும். அதிலிருந்து அதன் பலத்தையும் அளந்தார்கள். ஐந்தாறு பிக்கோநியூட்டன். ஒரு ஆப்பிளின் எடை ஏறக்குறைய 1 நியூட்டன். அதில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோநியூட்டன். நம் ரேஷன் கடைத் தராசிலேயே 100 கிராம் தகராறு வருகிறது, இவர்கள் இதை அளந்திருக்கிறார்கள். தசைக்குள் இழுக்கும் மயோசின், டிஎன்ஏ இழையின் விறைப்பு, மரபு எழுத்துகளைப் படியெடுக்கும் நொதி ஒவ்வோர் எழுத்தாக நகர்வது என்று பிறகு வரிசையாக வந்தன. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், மலேரியாக் கிருமி புகுந்த ரத்தச் சிவப்பணு இந்தப் பொறிக்குள் எப்படிச் சுழல்கிறது என்று ஆராய்ந்து 2004-ல் எழுதினார்கள். நம் உடம்பு எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே லாபம் இல்லையா? மருந்து பிறகு வரும், வராமலும் போகும். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் ரிப்பேர் பார்ப்பவனை நாம் மெக்கானிக் என்று சொல்வதில்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். 1997-ல் அணுக்களை லேசரால் குளிரவைத்துப் பிடித்ததற்காக நோபல் பரிசு கொடுத்தார்கள். சூ, பிரான்சின் கோஹன்-தனூஜி, அமெரிக்காவின் வில்லியம் பிலிப்ஸ் என்று மூவர். ஒரு பரிசை மூவருக்கு மேல் பிரிப்பதில்லை என்பது அவர்கள் விதி. மூவரும் தகுதியானவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சூ பின்னாளில் ஒபாமாவின் மந்திரி சபையில் எரிசக்தி மந்திரியாகவும் இருந்தார். ஆனால் ஒளியால் பிடிக்கலாம் என்று முதலில் காட்டியவர் பட்டியலில் இல்லை. அப்போது அவருக்கு 75. ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு 21 வருஷம் அவர் உயிரோடு இருந்ததால் கணக்கு நேரானது. சராசரி ஆயுளோடு போயிருந்தால்? இறந்தவருக்கு அந்தப் பரிசு கிடையாது. ஆகவே அந்த வாட்ஸ்அப் படத்தில் நாம் கொண்டாடுவது அவருடைய திறமையை அல்ல, அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை. நீண்ட ஆயுள் நல்ல விஷயம்தான். அதை ஒரு தகுதியாக்கிவிட்டால், சீக்கிரம் போனவர்களுக்கெல்லாம் என்ன பதில்?

இன்னொரு கோபமும் உண்டு. அது தொலைபேசிக்காரனின் கோபம். ஆஷ்கின் 1952-லிருந்து 1992 வரை 40 வருஷம் வேலை பார்த்தது பெல் ஆய்வகத்தில். அது அமெரிக்காவின் டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி.யின் ஆய்வகம். டிரான்சிஸ்டர் பிறந்தது அங்கேதான், 1947-ல். பிரபஞ்சத்தின் ஆதி வெப்பத்தின் மிச்சத்தைக் கேட்டதும் அவர்களுடைய ஆன்டெனாவில்தான். கிட்டத்தட்ட அமெரிக்கா முழுக்க ஏகபோகம். தினம் கோடிக்கணக்கானவர்கள் பேசிய பேச்சுக் கட்டணத்தில் ஒரு சில்லறை இந்த ஆய்வகத்துக்குப் போனது. அங்கே ஒரு கிராமத்துக் கிழவி மகளோடு பேசிய மூன்று நிமிஷத்தில் ஒரு துளி, ஆஷ்கினின் லேடெக்ஸ் உருண்டைக்குப் போயிருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

1984 ஜனவரி 1-ல் அந்த ஏகபோகத்தை உடைத்தார்கள். கட்டணம் குறைய வேண்டும், போட்டி வர வேண்டும் என்று நியாயமான காரணம். ஏகபோகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு போனுக்கு விண்ணப்பம் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம் தலைமுறை. அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் போட்டி வந்ததும் ஒவ்வொரு சில்லறைக்கும் கணக்குக் கேட்பார்கள். 2008-ல், கைமாறிக் கைமாறி வந்த அந்த ஆய்வகத்தின் அப்போதைய சொந்தக்காரர்கள், அடிப்படை இயற்பியல் ஆராய்ச்சியிலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டார்கள். இன்று நாம் மாசம் சில நூறு ரூபாயில் அளவில்லாமல் பேசுகிறோம், பேரனோடு வீடியோவில் கொஞ்சுகிறோம். அந்தக் கட்டணத்தில் லேடெக்ஸ் உருண்டைக்குத் துளி இல்லை. அப்படியானால் அந்தத் துளியை யார் கொடுப்பது? அரசாங்கம்தான் என்பது என் கட்சி. அதுவும் மூன்று வருஷத்துக்குள் இதனால் என்ன பயன் என்று எழுதிக் கொடு என்ற படிவம் இல்லாமல். 1970-ல் ஆஷ்கினிடம் அப்படி ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தால், கைனசின் நடையை அளக்கலாம் என்று அவர் எழுதியிருக்கவே முடியாது. கைனசின் என்ற பெயரே அப்போது கிடையாது.

எல்லோருக்கும் அள்ளிக் கொடு என்று சொல்லவில்லை. ஆளைப் பார்த்துக் கொடு, காரியத்தைப் பார்த்துக் கொடுக்காதே என்கிறேன். விவசாயம் செய்தவர்களுக்கு இது தெரியும். தென்னை வைக்கிறவன் முதல் வருஷம் காய் கேட்பதில்லை. தண்ணீர் மட்டும் விடுவான்.

இதையெல்லாம் இப்போது எழுதத் தோன்றியதற்கு எதிர்வீட்டுக்காரர்தான் காரணம். அவர் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். அவள் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்க வேண்டும் என்கிறாள். அவருக்குக் கம்ப்யூட்டர் எஞ்சினீயரிங். "பிசிக்ஸ் படிச்சு என்ன சார் பண்றது? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பா" என்று வந்து உட்கார்ந்தார். தங்கைக்காரி ஒருத்தி இருக்கிறாள், வீட்டுக் கடன் இருக்கிறது. அவர் பயம் நியாயமான பயம், அதை நான் கேலி செய்யமாட்டேன். வேலை கிடைக்கும் என்று நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பது? "அவ எது படிச்சாலும் முதல் நாலு வருஷம் நீங்க சோறு போடத்தானே போறீங்க? அதுல என்ன வித்தியாசம்? 17 வயசுப் பொண்ணுகிட்ட இதனால என்ன பிரயோஜனம்னு கேக்காதீங்க. உனக்கு இதுல என்ன புடிச்சிருக்குன்னு கேளுங்க. பதில் சொல்றாளான்னு பாருங்க" என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவளே வந்தாள். ஆஷ்கினின் 1970 கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தேன், கொடுத்தேன். மொத்தமே நாலு பக்கம். உருண்டைக்குள் கதிர்கள் வளைந்து போகும் படம் ஒன்று அதில் உண்டு. ரப்பர் குழாய் கதையைச் சொல்லி அதை விளக்கினேன். திண்ணையில் உட்கார்ந்து படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, உருண்டைக்குப் பதிலா தண்ணிக்குள்ள ஒரு காத்துக் குமிழி இருந்தா?" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். விரலால் படத்தின் மேல் கதிரைத் தலைகீழாக வளைத்து வரைந்து பார்த்தாள். "அப்ப குமிழி வெளிச்சத்தை விட்டு வெளியதான ஓடணும்?"

மூன்றாவது பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். கிளிசரின் கலந்த தண்ணீரைக் குலுக்கிக் குமிழி உண்டாக்கி அதையும் பார்த்திருக்கிறார் ஆஷ்கின். எல்லாக் குமிழிகளும் கதிரை விட்டு வெளியே தள்ளப்பட்டன என்று எழுதியிருக்கிறார்.